உயர்கல்விச் செலவு: அண்டை நாடுகள் கண்ட வழிகள்

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்ததும் ஜொகூர்த் தோட்டங்களில் பல இல்லங்களில் ஒரே கேள்வி எழுகின்றது. பிள்ளையை மேலே படிக்க வைப்பதா, அன்றிப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்புவதா? மாதந்தோறும் வரக்கூடிய சம்பளத்தை விட்டுவிட்டு மூன்றாண்டுகள் காத்திருப்பது பால்வெட்டி வாழும் குடும்பத்திற்கு எளிதன்று. இச்சுமையை யார் தாங்குவது என்பதற்கு நம் அண்டை நாடுகள் வெவ்வேறு வழிகளைக் கண்டுள்ளன.

தாய்லாந்து வாசலையே அகலத் திறந்தது. 1971இல் பாங்காக்கில் தோன்றிய ராம்கம்ஹேங் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வின்றி மாணவரைச் சேர்த்துக்கொண்டது. நாள்தோறும் வகுப்புக்கு வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உழைத்துக்கொண்டே படிக்க விரும்பியோர்க்கு இது பெரும் வாய்ப்பு. ஆயினும் எளிதாக உள்ளே சென்றவர்களில் பலர் பட்டம் பெறாமலே நின்றுவிட்டனர். தூண்டுவார் இல்லாத படிப்புக்கு மிகுந்த மனவுறுதி வேண்டும்.

இந்தோனேசியா 1984இல் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கித் தொலைவான தீவுகளுக்கும் பாடங்களைக் கொண்டுசென்றது. 2013 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெற்றோரின் வருவாய்க்கேற்பக் கட்டணத்தைப் படிப்படியாக வகுத்துள்ளது. ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் வணிகர் மகனும் மீனவர் மகனும் வெவ்வேறு தொகை செலுத்துவர். இதனை நாம் மிக நியாயமான ஏற்பாடாகக் கருதுகிறோம்.

சிங்கப்பூரின் போக்கு வேறு. பல்கலைக்கழகத்தை மட்டும் நம்பியிராமல், 1954இல் தொடங்கிய சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியைப் பின்பற்றி மேலும் நான்கு கல்லூரிகளை அந்நாடு நிறுவியது. மூன்றாண்டு டிப்ளோமா முடித்தவர் வேலைக்கும் செல்லலாம், தகுதியிருப்பின் பல்கலைக்கழகத்திற்கும் செல்லலாம். அங்குப் படிக்கும் வெளிநாட்டு மாணவர் அரசின் கட்டண மானியத்தைப் பெற்றால், படிப்பு முடிந்தபின் மூன்றாண்டுகள் சிங்கப்பூரில் பதிவுபெற்ற நிறுவனத்தில் பணியாற்ற ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். மானியம் பெற்றவர் அதனை உழைப்பால் ஈடுசெய்கிறார். ஜொகூர்ப் பெற்றோர் இந்த நிபந்தனையை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

நம் நாட்டில் 1962இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்கத் தொடங்கியது. 1969க்கும் 1971க்கும் இடையே பினாங்கு, பாங்கி, செர்டாங் ஆகியவற்றில் இன்று விளங்கும் மூன்று பல்கலைக்கழகங்கள் தோன்றின. 1985இல் ஸ்கூடாய் வளாகம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமாயிற்று. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் குறைவு. ஆனால் இடம் கிடைக்காதோர் நாடும் தனியார் கல்லூரிகளில் செலவு மிகுதி. 1996ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அக்கல்லூரிகள் பெருகின. 1997இல் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது பி.டி.பி.டி.என்., அமைக்கப்பட்டது.

இங்கேதான் நம் பெற்றோர் விழிப்புடன் இருக்க வேண்டும். பி.டி.பி.டி.என். அளிப்பது கடன், உபகாரச் சம்பளம் அன்று. ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணமும் உண்டு. படிப்பை இடையில் நிறுத்தினாலும் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தியே ஆகவேண்டும். பட்டமில்லாமல் கடன் மட்டும் எஞ்சும் நிலை கொடியது. கல்லூரி முகவர் வீட்டுக்கு வந்து இனிக்கப் பேசும்போது, அந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமாகிய எம்.கியூ.ஏ.யின் பதிவேட்டில் உள்ளதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கையெழுத்திடாதீர்கள். பள்ளியின் ஆலோசக ஆசிரியர் அப்பதிவேட்டைக் கணினியில் பார்த்துச் சொல்வார்.

சிங்கப்பூர் பெரிதும் போற்றும் பலதுறைத் தொழிற்கல்லூரி நம் மாநிலத்திலும் உண்டு. பாசிர் கூடாங்கில் இப்ராஹிம் சுல்தான், பாகோவில் துன் சையது நாசிர், மற்றும் மெர்சிங் போலிடெக்னிக்குகள் எஸ்.பி.எம். முடித்தவரைச் சேர்த்துக்கொள்கின்றன. டிப்ளோமாவில் நற்தேர்ச்சி பெற்றவர் ஸ்கூடாயிலோ பத்து பகாட்டிலுள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்திலோ பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே விண்ணப்ப நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். அந்நாள் கடந்தால் ஓராண்டு வீணாகலாம்.