நம்பிக்கைகளும் உண்மைகளும்: ரேசிங் காயில் போட்டால் திக்கல் தீருமா?

உச்சச் சுழற்சியில் என்ஜின் திக்கினால் முதலில் பழி விழுவது இக்னிஷன் காயில் மீதுதான். புக்கிட் தெங்காவிலிருந்து ஜூரு பக்கம் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏறும் காப்சாய்கள் (சிறிய அண்டர்போன் மோட்டார்சைக்கிள்கள்) நெடுநேரம் முழு த்ராட்டிலில் ஓடுபவை. அவற்றில் மிஸ்ஃபயர் என்றதும் 'ரேசிங் காயில் போடு' என்ற யோசனை எளிதில் கிடைத்துவிடும்.

பெட்டியில் 50,000 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக்கிலும் 50,000 வோல்ட் பாயும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் காயிலின் மின்னழுத்தம் பிளக் இடைவெளியைத் தாண்டும் அளவுக்கு மட்டுமே ஏறும். பொறி தாவிய கணமே விழுந்துவிடும். ஹோண்டா கப் வகை என்ஜின்களின் பிளக்கில் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்தான். நல்ல நிலையிலுள்ள பிளக்குக்குப் பொதுவாக 10,000 முதல் 20,000 வோல்ட் போதும். மீதி, பெட்டிக்கு அழகு.

வேகம் கூடக்கூட அதிக வோல்ட் வேண்டும் என்பதும் சரியல்ல. பொறி தாவுவதற்குத் தடையாக நிற்பது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம். சிலிண்டர் நன்றாக நிரம்பும் இடத்தில், அதாவது டார்க் உச்சத்தில், த்ராட்டில் முழுதும் திறந்திருக்கையில், அது மிகுதி. பினாங்குப் பாலத்தில் எதிர்காற்றில் ஏறும்போது மட்டும் திக்கும் வண்டியில் பிளக்கையும் காயிலையும் சந்தேகிக்க நியாயம் உண்டு. சுமையில்லாமல் முறுக்கும்போது திக்கும் வண்டியில் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும்.

உச்சச் சுழற்சியில் உண்மையில் குறைவது நேரம். பேட்டரி மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் காயில், ஒவ்வொரு பொறிக்கும் முன் சில மில்லிவினாடி மின்னோட்டம் ஏற்றிக்கொள்ள வேண்டும். 1985இல் வந்த புரோட்டான் சாகாவில் நான்கு சிலிண்டருக்கும் ஒரே காயில். டிஸ்ட்ரிபியூட்டர் பங்கிட்டுத் தந்தது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அந்தக் காயில் 12,000 பொறி கொடுக்க வேண்டும். இரண்டு பொறிக்கு நடுவே 5 மில்லிவினாடிதான். அத்தகைய அமைப்பில் வேகமாக நிரம்பும் காயில் உண்மையிலேயே உதவும். 'பெரிய காயில்' நம்பிக்கை அந்தக் காலத்து மிச்சம். சிலிண்டருக்கு ஒரு காயில் வைத்த பெரோடுவா மைவியில் அதே வேகத்தில் இடைவெளி 20 மில்லிவினாடி. ஒற்றைச் சிலிண்டர் காப்சாய்களில் பல, சுற்றுக்கு ஒன்று வீதம், வீண் பொறியும் சேர்த்துத் தருபவை. அப்படியும் 8,000 சுற்றில் 7.5 மில்லிவினாடி கிடைக்கிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை, 12 வோல்ட் காயில் எதுவும் எதற்கும் பொருந்தும் என்பது. கார்புரேட்டர் காலத்து ஹோண்டா இஎக்ஸ்5இல் இருப்பது சிடிஐ. அதில் மின்தேக்கியொன்று நூற்றுக்கணக்கான வோல்ட் ஏற்றி நொடியில் கொட்டுகிறது. காயில் அதைப் பெருக்கித் தரும் மின்மாற்றி மட்டுமே. அதன் முதன்மைச் சுற்றின் மின்தடை பெரும்பாலும் 1 ஓமுக்கும் கீழ். யமஹா ஒய்15இசட்ஆர் போன்ற இன்ஜெக்ஷன் வண்டிகளில் டிரான்சிஸ்டர்தான் காயிலுக்கு மின்னோட்டம் விட்டு நிறுத்துகிறது. அங்கே சில ஓம் தேவை. சிடிஐ காயிலை அதில் மாட்டினால் மின்னோட்டம் எகிறி, காயிலோடு என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியான இசியுவும் கருகலாம். மாறி மாட்டினால் பொறி சோர்ந்து, தீர்க்க வந்த திக்கலே கூடும்.

மல்டிமீட்டரில் ஓம் சரியாக இருந்தால் காயில் நல்லது என்று முடிவு கட்டுவதும் தவறு. உள்ளே காப்புப் பூச்சு விரிசல் விட்ட காயில், குளிர்ந்திருக்கும்போது சரியான ஓமையே காட்டும். சூடேறி உயர் மின்னழுத்தம் வந்தபின்தான் உள்ளுக்குள்ளேயே கசியும். ஓடிச் சூடான காயிலை, இடைவெளி மாற்றக்கூடிய பொறிச் சோதனைக் கருவியில் பார்ப்பதே சரி. மழையில் நனைந்த பிளக் கேப்பும், வால்வு கவர் கேஸ்கெட் கசிந்து பிளக் குழிக்குள் தேங்கிய எண்ணெயும் இதே அறிகுறியைத் தரும்.

இக்னிஷன் காயிலுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு: அடைத்த மெயின் ஜெட், அழுக்கேறிய பெட்ரோல் ஃபில்டர், தளர்ந்த வால்வு ஸ்பிரிங், பழுதான பிக்கப் காயில். குறிப்பிட்ட ஒரே வேகத்தில் சீராக வெட்டினால் அது பழுதே அல்ல. சுழற்சி வரம்பு காக்கும் ரெவ் லிமிட்டர் தன் வேலையைச் செய்கிறது. ஆகவே பிளக், கேப், பெட்ரோல் வரத்து ஆகியவை முதலில்; காயில் பிறகு. மாற்ற நேர்ந்தால் வண்டியின் பாக எண்ணுக்கு உரியதே போதும். கம்ப்ரஷன் ஏற்றிய பந்தய என்ஜினுக்கு மட்டும், அதன் சிடிஐ அல்லது இசியு ஏற்கும் ஓம் அளவுக்குள், வலுக்கூடிய காயில் பொருத்தலாம்.