ஜே விசையில் ‘ப’ இருக்கும்போது

தெம்பனிஸ் வட்டார நூலகத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் புளோக்கில் குடியிருக்கும் தம்பி ஒருவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சாங்கி பிசினஸ் பார்க்கில் நிரலர் வேலை, நாள் முழுக்க விம் என்ற உரைத்திருத்திதான். மகளுக்காகத் தமிழில் ஏதோ எழுத வேண்டியிருந்ததாம். “ஜே அடிச்சா ஒரு வரி கீழே போகணும்ல அண்ணே? பீப்னு கத்துது.”

கத்தத்தான் செய்யும். விம்மில் எழுதுவதற்கு ஒரு நிலை, கட்டளையிடுவதற்கு இன்னொரு நிலை. கட்டளை நிலையில் எச், ஜே, கே, எல் என்றால் இடம், கீழ், மேல், வலம். 1976 வாக்கில் பில் ஜாய் விம்மின் முன்னோடியான ‘விஐ’யை எழுதிய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அந்த நான்கு விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சாகியிருந்தன, அந்த வழக்கம்தான் இன்றுவரை நிற்கிறது. தம்பி தமிழ் அடிக்கும் தமிழ்99 விசைப்பலகையிலோ அதே நான்கிலும் க, ப, ம, த. 1997ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் முன்னின்று நடத்திய மாநாட்டிலும், 1999ல் சென்னையில் நடந்த மாநாட்டிலும் பேசிப் பேசித் தேறிய பலகை அது. மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு, உயிர்கள் இடக்கைக்கு. அதிகம் புழங்கும் மெய்கள் விரல் படியும் வரிசையில். இரண்டு ஏற்பாடுகளும் தத்தம் அளவில் நியாயமானவை. மோதுவது ஒரே கணினியில் சந்திக்கும்போதுதான்.

தீர்க்க நாலைந்து வழி உண்டு. பலரும் முதலில் செய்வது, எஸ்கேப் அழுத்தும்போதெல்லாம் கணினியின் மொழியைக் கையால் மாற்றுவது. இரண்டு பத்தி எழுதுகிறவருக்கு இது போதும். தினமும் எழுதுகிறவர் ஒரு வாரத்தில் விம்மையே வெறுத்துவிடுவார்.

அடுத்தது ‘லாங்மேப்’. கட்டளை நிலையில் ‘ப’ வந்தால் அதை ஜே என்று எடுத்துக்கொள் என விம்முக்குச் சொல்லிவைக்கும் அமைப்பு. பார்க்க அழகான தீர்வு. தம்பியும் இதைத்தான் முயன்றிருந்தார். விம்மின் உதவிப் பக்கம் இதற்குக் கிரேக்கத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறது. கிரேக்கத்தில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து, எனவே சரிப்படும். தமிழ்99 அப்படியல்ல, முந்தைய எழுத்தைப் பார்த்து அடுத்ததை மாற்றும் பலகை. ஜேயை இரண்டு முறை தட்டினால் ‘பப’ வராது, தானாகப் புள்ளி விழுந்து ‘ப்ப’ வரும். கேயும் ஜேயும் அடுத்தடுத்து வந்தால் ‘ம்ப’. டி விசையில் இருப்பது உ. ஆனால் ஒரு மெய்க்குப் பிறகு அதைத் தட்டினால் உ வராது, உகரக் குறிதான் வரும். இத்தனையையும் லாங்மேப்பில் அடைக்க முனைந்தால் ஓட்டை அடைபடாத பானைதான். தமிழ்99காரர்கள் இதை விட்டுவிடலாம்.

மூன்றாவது வழி கொஞ்சம் கெட்டி. எழுதும் நிலையை விட்டு வெளியே வரும் கணத்தில் விம் ஒரு நிகழ்வை எழுப்பும், அதன் பெயர் ‘இன்செர்ட்லீவ்’. அந்த நிகழ்வில் கணினியின் மொழியை ஆங்கிலத்துக்குத் திருப்பும் கட்டளை ஒன்றை ஓடவிட வேண்டியது. லினக்ஸில் எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு அதற்கென்றே சிறு கட்டளை இருக்கிறது. மேக்கிலும் விண்டோஸிலும் ‘ஐஎம்-செலக்ட்’ என்ற கருவி அதைச் செய்யும். உங்களுக்குப் பழகிய பலகை, அஞ்சலோ தமிழ்99ஓ, அப்படியே இருக்கும், புதிதாக எதையும் கற்க வேண்டாம். ஒரே கணினியில் எழுதுகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் ஒன்று. எஸ்எஸ்எச் வழியே வேறெங்கோ இருக்கும் சர்வரில் விம்மைத் திறந்தால், அந்தக் கட்டளை சர்வரில் ஓடும். உங்கள் விரல் இருப்பதோ தெம்பனிஸில். சர்வர் தன் மொழியை மாற்றிக்கொண்டு சும்மா இருக்கும்.

தம்பியின் வேலை முழுக்கச் சர்வரில். ஆகவே நான்காவது: கணினியை எப்போதும் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, தமிழை விம்முக்குள் வைத்துக்கொள்வது. இதற்கான அமைப்பு ‘கீமேப்’. எழுதும் நிலையில் கன்ட்ரோலும் 6உம் சேர்த்து அழுத்தினால் தமிழ், மறுபடி அழுத்தினால் ஆங்கிலம். எஸ்கேப் அடித்தால் கட்டளைகள் வழக்கம்போல வேலை செய்யும், ஜே கீழேதான் போகும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று: வரிக்குள் ஓர் எழுத்தைத் தேடித் தாவும் எஃப் கட்டளைக்குப் பின் தட்டும் விசை மட்டும் தமிழாகிவிடும். எஃப், எச் என்று தட்டினால் அடுத்த ‘க’வில் போய் நிற்கும்.

விம்மோடு வரும் கீமேப் கோப்புகளில் தமிழுக்கும் ஒன்று உண்டு. ஆனால் அது திஸ்கிக் குறியாக்கத்துக்கானது. யூனிகோடில் எழுதுகிற இன்றைக்கு அதனால் பயனில்லை, நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். அங்கே மறுபடி இரண்டு பாதை.

ரோமன் ஒலிப்பு முறையில் பழகியவருக்கு நீளமான அட்டவணை ஒன்றே போதும். 18 மெய்யை 12 உயிரால் பெருக்கினால் 216 வரி, அதோடு தனி உயிர், தனி மெய், கிரந்தம். கையால் அடிக்க வேண்டாம், இரண்டு வளையம் கொண்ட குட்டி நிரல் அதைக் கக்கிவிடும். சொல்லின் முதலில் ந, நடுவில் ன என்று தானாக மாற வேண்டுமென்றால் மட்டும் அட்டவணை கைவிரிக்கும்.

தமிழ்99க்கு அட்டவணை வேண்டாம், ஸ்கிரிப்ட்தான் சரி. ஒவ்வொரு உயிர் விசையையும் ஒரு செயற்கூறோடு இணைத்துவிடுங்கள்: கர்சருக்கு முந்தையது அகரமேறிய மெய் என்றால் உயிர்க்குறியைப் போடு, இல்லையென்றால் உயிரையே போடு. மெய் விசைகளுக்கும் இதேபோல. முந்தையது அதே மெய்யோ இன எழுத்தோ என்றால் முதலில் புள்ளி வை. தெம்பனிஸிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு டௌன்டவுன் தடத்தில் போகிற நேரத்தில் எழுதிவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அப்புறம் ‘மமதை’ என்று அடித்துப் பார்த்தேன், ‘ம்மதை’ வந்தது. இரண்டு ம-வுக்கு நடுவே அ விசையைத் தட்டினால் புள்ளி விழக்கூடாது என்பது தமிழ்99 விதி. அப்படித் தட்டியதை நினைவில் வைக்க ஒரு மாறி தேவைப்பட்டது.

எந்த மொழியில் எழுதுவது என்று தம்பி கேட்டார். 2022ல் வந்த விம் 9 புதிய ஸ்கிரிப்ட் மொழியைக் கொண்டுவந்தது, வேகம் அதிகம். ஆனால் விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் அதை ஓட்டாது. நியோவிம்மின் லுவா எழுத இனிது, சர்வரில் பழைய விம் மட்டும் இருந்தால் அது உதவாது. விசைக்கு ஒருமுறை ஓடும் நாலு வரிக்கு வேகம் எதற்கு? பழைய விம்ஸ்கிரிப்டில் எழுதுங்கள், இரண்டிலும் ஓடும்.

எந்த வழியில் போனாலும் ‘டெல்கம்பைன்’ அமைப்பை ஒருமுறை போட்டுப் பாருங்கள். இயல்பாக எக்ஸ் தட்டினால் ‘கெ’ முழுவதுமாகப் போய்விடும்; இதைப் போட்டால் குறி மட்டும் போய் ‘க’ நிற்கும். பிழை திருத்துகிறவருக்கு அது வரம், குறிமுறை எழுதுகிறவருக்குத் தொந்தரவாகத் தோன்றலாம். சில முனையங்கள் தமிழ் எழுத்தைக் கட்டத்துக்குள் நசுக்கிக் காட்டும். அது முனையத்தின் கோளாறு, விம்மைத் திட்ட வேண்டாம். உள்ளூர்க் கோப்பென்றால் ஜிவிம்மில் திறந்துகொள்ளுங்கள். அங்கே கீமேப் இயங்கும்போது கர்சருக்குத் தனி நிறம் கொடுக்கவும் முடியும். நான் பச்சை வைத்திருக்கிறேன், தம்பி சிவப்புப் போட்டுக்கொண்டார்.