ஐ.டி. கம்பெனியில் ஆள்குறைப்புப் பேச்சா? சம்பளம் வரும்போதே செய்துவைக்க வேண்டிய 12 காரியங்கள்

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. இடைநிலையிலும் உயர்நிலையிலும் இருப்பவர்களுக்குத்தான் அதில் பாதிப்பு அதிகம். வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் தோளில் இருக்கும் வயதுக்காரர்கள் அவர்கள். பட்டியலில் யார் பெயர் வரும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால், பேச்சு அடிபடத் தொடங்கியதுமே வீட்டைத் தயார்செய்துகொள்ள முடியும்.

1. முதலில் வீட்டில் சொல்லுங்கள். 'பயந்துவிடுவார்கள்' என்று மறைத்தால் செலவு குறையாது, மனபாரமும் குறையாது. வயதான பெற்றோரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் கணவன், மனைவி இருவராவது உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

2. நிறுத்தவே முடியாத செலவுகளை மட்டும் எழுதுங்கள்: வாடகை அல்லது இ.எம்.ஐ., மளிகை, பால், கேஸ், பள்ளி வேன், அப்பாவின் சுகர் மாத்திரை, சீட்டுப் பணம். ஜூனில் வரும் பள்ளிக் கட்டணம், எல்.ஐ.சி. பிரீமியம் போன்றவற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கையும் சேருங்கள். வரும் மாத மொத்தத்தை ஆறால் பெருக்குங்கள். அந்தத் தொகை சேமிப்புக் கணக்கிலும் ஃபிக்ஸட் டெபாசிட்டிலும் இருக்கட்டும். பங்குச் சந்தையில் வேண்டாம்.

3. புதுக் கார், ஃபிளாட்டுக்கு முன்பணம் எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். கிரெடிட் கார்டு பாக்கியை முதலில் அடையுங்கள். பல கார்டுகளில் மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். கட்டாயம் பணம் புரட்ட வேண்டி வந்தால் வங்கியில் நகைக்கடன் அதைவிட எவ்வளவோ மேல்.

4. அலுவலகம் எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு பொதுவாக வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். குடும்பத்துக்கென்று தனியாக ஒரு பாலிசி இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 3 ஆண்டு வரை இருக்கலாம். பெற்றோர் குரூப் பாலிசியில் இருந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று கடைசி நாளுக்கு முன்பே கேளுங்கள். மாறினால், காத்திருந்த காலம் வீணாகாது.

5. ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, அப்ரைசல் கடிதங்கள் ஆகியவற்றைத் தரவிறக்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். லேப்டாப்பைப் பூட்டிவிட்டால் பிறகு ஒவ்வொன்றுக்கும் கெஞ்ச வேண்டியிருக்கும். ப்ராஜெக்ட் ஃபைல், கோடு, வாடிக்கையாளர் விவரம் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். உங்களை வெளியே அனுப்ப அதுவே காரணமாகிவிடும்.

6. வங்கி, பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட் கணக்குகளில் அலுவலக மெயிலோ கம்பெனி கொடுத்த சிம் எண்ணோ இருந்தால் உடனே மாற்றுங்கள். ஓ.டி.பி. வராமல் சொந்தப் பணத்தையே எடுக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. சம்பளம் நின்றதும் சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காக மாறலாம். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்றும் கேட்டுவையுங்கள்.

7. கிராஜுட்டியை நீங்களே போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலைபார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய், சர்வீஸ் 7 ஆண்டு என்றால் சுமார் 2,42,300 ரூபாய்க்குக் குறையாமல் வர வேண்டும். ராஜினாமா செய்தாலும், ஆள்குறைப்பில் நீக்கப்பட்டாலும் 5 ஆண்டு முடித்தவருக்கு இது உரிமை. நாலு ஆண்டும் அடுத்த ஆண்டில் 240 நாளும் முடித்தவருக்கும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

8. திடீரென்று அரைமணி நேர மீட்டிங்குக்கு அழைப்பு வரும். உள்ளே போனால் மேனேஜரோடு ஹெச்.ஆரும் இருப்பார். "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரெக்கார்ட் கிளீனா இருக்கும்" என்று பேப்பரை நீட்டுவார்கள். அந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன், மெயில்ல அனுப்புங்க" என்று அமைதியாகச் சொல்லுங்கள். ஆள்குறைப்பு என்றால் சட்டப்படி நோட்டீஸும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் கேட்க இடமுண்டு. நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வாதம் பலவீனமாகிவிடும்.

9. இந்தச் சட்டப் பாதுகாப்பு 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான். பதவிப் பெயரைவிட, அன்றாடம் செய்யும் வேலை எப்படிப்பட்டது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஐ.டி. ஊழியர் சங்கத்தையோ தொழிலாளர் வழக்கறிஞரையோ கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

10. செட்டில்மென்டில் இவை எல்லாம் தனித்தனியாக எழுத்தில் வரட்டும்: நோட்டீஸ் காலச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், வேரியபிள் பே, காப்பீடு எந்தத் தேதி வரை, ரிலீவிங் லெட்டர் எப்போது. ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்பார்களா என்பதையும் கேளுங்கள். கம்பெனிப் பங்குகள் ஒதுக்கியிருந்தால், எந்தத் தேதி வரை இருந்தால் அவை உங்களுடையதாகும் என்று பாருங்கள். கடைசி நாள் ஒரு வாரம் தள்ளிப்போனாலே சிலருக்கு லட்சங்கள் மிஞ்சும்.

11. மொத்தமாக வரும் பணத்தில் வரி போகும். கிராஜுட்டிக்கு 20 லட்சம் ரூபாய் வரை, விடுப்புப் பணத்துக்கு 25 லட்சம் வரை, விதிகளுக்கு உட்பட்டு வரிவிலக்கு உண்டு. கம்பெனி கூடுதலாகத் தரும் தொகை பெரும்பாலும் சம்பளம் போலவே வரிக்கு உட்படும். கைக்கு எவ்வளவு வரும் என்று ஆடிட்டரிடம் கேட்ட பிறகு கடனைக் கட்டுங்கள். பி.எஃப். பணத்தில் அவசரப்பட்டுக் கைவைக்காதீர்கள். வேலை நின்றாலும் வட்டி ஏறும். புது வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். 5 ஆண்டு முடியாமல் எடுத்தால் பொதுவாக வரியும் உண்டு.

12. வேலை போனவரை வீட்டில் நடத்தும் விதம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆள்குறைப்பில் திறமைசாலிகளும் போகிறார்கள். பிள்ளைகளிடம் வயதுக்கு ஏற்றபடி உள்ளதைச் சொல்லுங்கள். உறவினர் விசாரித்தால் "வேற இடம் பார்த்துக்கிட்டு இருக்கார்" என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, ரெஸ்யூமுக்கும் பழைய சகாக்களுக்குப் போன் செய்யவும் புதிதாகப் படிக்கவும் நேரம் ஒதுக்கட்டும். மாலையில் "இன்னைக்கு கால் வந்துச்சா?" என்று தினமும் கேட்காதீர்கள். நல்ல செய்தி வந்தால் அவரே முதலில் உங்களிடம்தான் சொல்வார்.