கோட்டை பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

பிள்ளைகளா, பதுளையிலிருந்து பஸ் பிடித்து ஹல்துமுல்ல கட்டுகொடெல்லக் கோட்டை பார்க்கப் போகிறீர்களாம். முதல் தடவை என்பதால் சில விஷயம் சொல்லி அனுப்புகிறேன்.

1. ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மாசி நல்லது. மழை விடாமல் பெய்தால் அந்தச் சரிவுகளை நம்ப முடியாது. பெரகலச் சந்தியில் ஒரு பாதை கொஸ்லாந்தைப் பக்கம் பிரியும். அங்கே மீரியபெத்தையில்தான் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவு நம் தோட்டத்துச் சனங்களின் லயங்களை, வரிசை வீடுகளை, மூடியது. அந்தச் சந்தியில் ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள்.

2. மதிலைக் கண்டதும் போனைத் தூக்காதீர்கள். மதிலுக்கு முதுகைக் காட்டி, தெற்கே கீழே பாருங்கள். சமவெளியிலிருந்து ஊவாவுக்கு ஏறி வருகிறவனை இங்கிருந்தே பார்த்துவிடலாம். கோட்டை ஏன் இந்த இடத்தில் என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

3. போகுமுன் 1630ஆம் வருசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டுகொடெல்ல போர்த்துக்கீசர் கட்டியது என்பார்கள். அவர்களுடைய தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அந்த வருசம் படையோடு மலையேறி வந்து பதுளையை எரித்தார். திரும்பும் வழியில், வெல்லவாயப் பக்கம் ரந்தெனிவலையில், கண்டி அரசன் செனரத்தின் படை வளைத்துக்கொண்டது. தளபதியோடு வந்த உள்ளூர் வீரர்கள் கட்சி மாறினார்கள். தளபதி அங்கேயே மாண்டார்.

4. மதிலைக் கையால் தொட்டுப் படியுங்கள். இதில் பட்டணத்துப் பிள்ளைகளைவிட உங்களுக்குத்தான் கண் அதிகம். தேயிலைச் சரிவில் மண் தாங்க நம் தாத்தாமார் அடுக்கிய கல்லுக்கட்டுகளில் ஏறி விளையாடியவர்கள் நீங்கள். பெரிய கல் மூலையில் இருக்கிறதா, இடுக்கில் சில்லுக்கல் சொருகியிருக்கிறதா, சுவர் சரிவுப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, எந்த இடத்தில் பிற்பாடு வேறு கை கல் வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானில் தக்கேதா மலைக்கோட்டையில் மாளிகை ஒன்றும் மிச்சமில்லை. இருந்தும் பனிமூட்டத்துக்கு மேலே நிற்கும் வெறும் கல்மதிலைப் பார்க்க விடிய முன்னமே சனம் மலையேறுகிறது. ஆகவே "சுவர் மட்டும்தானே" என்று யாரும் சொல்லக்கூடாது.

5. குளவிக்கூடு இருக்கிறதா என்று முதலில் மரங்களை அண்ணாந்து பாருங்கள். கொழுந்து மலையில் குளவி கலைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாசனைத் திரவியம், நெருப்பு, புகை, கூச்சல் எதுவும் வேண்டாம்.

6. ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். புதையல் கதை சொல்லிக்கொண்டு யாராவது கூட வந்தால் அந்த ஆளை விட்டு விலகுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். ஜெயிலுக்கு முன்னால் இன்னொன்றை யோசியுங்கள்: ஒரு கல் போனால் பக்கத்துக் கல் அடுத்த மழைக்குத் தாங்காது.

7. ஒரு கொப்பியும் அளவு நாடாவும் கொண்டு போங்கள். மதிலின் நீளம், உயரம், கனம் எல்லாம் எழுதி வாருங்கள். திரும்பி வந்ததும் அதே கொப்பியில் நம் தோட்டத்து மேல்பிரிவின் பத்துக் காம்பரா லயத்தையும் அளந்து எழுதுங்கள். வருகிற மாதம் அதை இடிக்கப்போகிறார்கள்.