ஏற்காட்டில் பார்த்தது சாலமாண்டரா?

மழை விட்டதும் காபித் தோட்டத்துச் சருகில் பளபளவென்று ஏதோ நெளிந்து ஓடும். உடனே சாலமாண்டர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பல்லி போலத் தோன்றும் நீர்நில வாழியான சாலமாண்டர் தமிழ்நாட்டில் கிடையாது. இந்தியாவில் அதைப் பார்க்க டார்ஜிலிங், சிக்கிம், அருணாசலப் பிரதேசம் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும்.

செய்ய வேண்டியவை

• முதலில் தோலைப் பாருங்கள். செதிலும் நகமும் இருந்தால் பல்லி வகை. டார்ஜிலிங் சாலமாண்டருக்கு இரண்டும் இல்லை. முன்காலில் நான்கே விரல். வழவழப்பான செதிலும் குட்டைக் காலும் என்றால் நம்ம அரணை.

• பல்லிதான் என்றால் படத்தில் கண்ணைப் பெரிதாக்குங்கள். வீட்டுப் பல்லியின் கண்மணி செங்குத்துக் கீற்று. பகலில் பாறையில் திரியும் நெமாஸ்பிஸ் பல்லிகளுக்கு வட்டம். விரல்களும் தகடுபோல விரியாமல் மெலிந்திருக்கும்.

• எந்த மலை, என்ன உயரம், பாறையா மரமா, மணி எத்தனை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தைவிட இது பெரிது என்பேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மட்டும் நெமாஸ்பிஸ் இனங்கள் மூன்று: ஏற்காடென்சிஸ் 2000இல் விவரிக்கப்பட்டது, சேர்வராயென்சிஸும் தாக்கரேயியும் 2019இல். அதே ஆண்டு சங்ககிரி, கொல்லிமலை பெயர்களில் இரண்டு ஹெமிடாக்டைலஸ் பல்லி இனங்கள் வந்தன. சேர்வராயன், சங்ககிரி, கொல்லிமலை எல்லாம் சமவெளியில் தனித்தனியாக நிற்கும் குன்றுகள். பாறையிடுக்கில் வாழும் பல்லி, வெயில் காயும் வயல்களைத் தாண்டி அடுத்த குன்றுக்குப் போவது அரிது. அதனால் குன்றின் பெயரை விட்டு வெறுமனே ‘சேலம்’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை.

• முதுகு, விலா, கால்விரல் மூன்றும் தெளிவாகப் படத்தில் விழட்டும்.

செய்யக்கூடாதவை

• பிடிக்காதீர்கள். வால் கழன்றுவிடும். புதிதாக முளைக்கும் வாலில் செதிலின் அமைப்பே மாறிவிடுவதால் இனம் பிரிக்கவும் அது உதவாது. இனம் பிரிக்க ஆண் பல்லியின் தொடைத் துளைகளை எண்ணுவது அனுமதி பெற்ற ஆய்வாளரின் வேலை.

• கல்லைப் புரட்டாதீர்கள். அடியில் முட்டை இருக்கலாம். தேளோ சுருட்டை விரியனோகூட இருக்கலாம்.

• நிறத்தை நம்பாதீர்கள். ஒரே பல்லி காலையில் கறுத்தும் மாலையில் வெளுத்தும் தெரியும்.

• அரணையை அடிக்காதீர்கள். ‘அரணை கடித்தால் மரணம்’ என்பதில் எதுகை இருக்கிறது, விஷம் இல்லை.

• ஒரே படத்தை வைத்து இனப்பெயரை அடித்துச் சொல்லாதீர்கள். ‘நெமாஸ்பிஸ், ஏற்காடு, பாறை, காலை 9 மணி’ என்று நிறுத்திக்கொண்டால் போதும். மீதியை நிபுணர் பார்த்துக்கொள்வார்.