முதலில் யாருக்குக் கட்டுவது?

ஆடி பிறந்தால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பத்திரிகை குவியும். கல்யாணமும் இருக்காது, காதுகுத்தும் இருக்காது. மொய் விருந்து, அவ்வளவுதான். ஒரே பந்தலில் பலர் கூட்டாக விருந்து வைப்பதும் உண்டு. ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு, பணம் போட ஆளுக்கொரு பாத்திரம். கறிச்சோறு சாப்பிட்டு எழுந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே மேசை மேசையாகப் போவார். நோட்டு எழுதுகிறவர் ஊர், பெயர், தொகை என்று வாய்விட்டுச் சொல்லியபடி எழுதுவார். பக்கத்தில் நிற்பவர் காதிலும் அது விழும். இந்த ஏற்பாட்டின் பலமும் அதில்தான், பயமும் அதில்தான்.

கடன் ஏறி, வருமானம் நின்று, உடம்பும் படுத்துவிட்ட குடும்பங்களைப் பற்றி எழுதும்போது மொய்யிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. யாருக்கு முதலில் கட்டுவது, யாரைக் காக்க வைப்பது என்பதை நம் பக்கத்தில் வட்டிக் கணக்கு தீர்மானிப்பதில்லை. யார் முன்னால் தலைகுனிய நேரும் என்ற பயம்தான் தீர்மானிக்கிறது. அந்த வரிசையில் உடம்புக்கு எப்போதும் கடைசி இடம். வாசலில் வந்து சத்தம் போடத் தெரியாத ஒரே கடன்காரன் அதுதான்.

நம்பிக்கை: மொய் வட்டியில்லாத பணம், அதில் நஷ்டமே கிடையாது.

முதல் பாதி சரி. வட்டி இல்லை, ஜாமீன் இல்லை, புரோநோட் இல்லை. போர் போடவும், பிள்ளையைக் காலேஜில் சேர்க்கவும், ஆபரேஷன் செலவுக்கும் இந்தப் பணம் கைகொடுத்திருக்கிறது. 2019 ஆடியில் வடகாட்டு விவசாயி ஒருவருக்குச் சுமார் 4 கோடி ரூபாய் மொய் விழுந்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. எந்த வங்கி மேலாளர் அவருக்கு அப்படிக் கொடுத்திருப்பார்?

இரண்டாம் பாதியில்தான் கோளாறு. ஆட்டுக்கறி, பந்தல், ஃபிளெக்ஸ், பத்திரிகைச் செலவெல்லாம் வசூலில்தான் கழியும். திருப்பி வைக்கும்போது பழைய தொகையோடு புதுநடை என்ற கூடுதல் தொகையும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது திருப்புவது என்பது வாங்கியவர் கையில் இல்லை. வைத்தவர் எந்த ஆடியில் விருந்து போடுகிறாரோ அந்த ஆடியில் பணம் தயாராக இருக்க வேண்டும். ஒரே மாதத்தில் முப்பது பத்திரிகை வந்துவிட்டால் வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகும். வட்டியில்லாக் கடனை அடைக்க வட்டிக்கு வாங்குவது இப்படித்தான் நடக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது மாவட்டத்தின் இந்தக் கிழக்குப் பகுதியின் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. அரசு கொடுத்தது மரத்துக்கு 600 ரூபாய், அப்புறப்படுத்த 500, ஆக 1,100. மறுபடி நட்ட நெட்டைக் கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடமாகும். ஆனால் நோட்டில் எழுதிய தொகை புயலில் சாயவில்லை. மொய் வைக்க வேண்டியவர்களே திண்டாடியதால் அடுத்தடுத்த வருடங்களில் வசூல் சுருங்கியது. பிறகு கொரோனா வந்தது.

மொய்யை விட்டுவிடச் சொல்லவில்லை. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்ட வருடத்தில், பத்திரிகை வைத்தவர் வீட்டுக்கு முன்கூட்டியே போய் நிலைமையைச் சொல்லி, புதுநடையை விட்டுப் பழையதில் ஒரு பகுதி மட்டும் வைக்கலாம். சொல்லாமல் தலைமறைவாவதைத்தான் ஊர் மன்னிப்பதில்லை.

நம்பிக்கை: கடனை அடைத்துவிட்டு நிதானமாக வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு நம்பிக்கை அளவுக்கு வேறெதுவும் குடும்பங்களைக் கீழே இழுத்துப் போடுவதில்லை என்பது என் எண்ணம்.

கணக்குக்காக ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். நாள் கூலி 900. சர்க்கரை இருக்கிறது. பத்து வட்டிக்கு 50,000 வாங்கியிருக்கிறார். மனைவி பெயரில் குழு லோன். ஆடிக்கு மொய் பாக்கி. காலில் ஒரு சின்னப் புண். சர்க்கரை பாத நரம்பை மரக்கச் செய்துவிடுவதால் வலி தெரியாது. வலி இல்லை என்பதால் புண்ணும் பெரிதில்லை என்று நினைப்பார். ஈரச் சிமெண்டுக்குக் காரம் உண்டு, நல்ல தோலையே அரிக்கும். அதே கலவையில் செருப்பில்லாமல் நின்று தளம் போடுவார், ஏனென்றால் சனிக்கிழமை வட்டி கட்ட வேண்டும்.

பதினைந்து நாள் காலைத் தரையில் ஊன்றாமல் உட்கார்ந்தால் கூலி நஷ்டம் 13,500. உட்காராவிட்டால் விரல் போகும், பிறகு பாதம். பாதம் போன கொத்தனாருக்குச் சாரம் ஏறும் வேலையே இல்லை. அப்போது எந்தக் கடனும் அடையாது.

பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் பத்து, ஆண்டுக்கு 120 சதவீதம். அந்த 50,000-க்கு மாதாமாதம் 5,000 வட்டியாகவே போகிறது, அசல் அசையாது. அதே தொகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் நகை வைத்து 12 சதவீதத்துக்கு வாங்கினால்கூட மாத வட்டி 500. வீட்டில் ஒரு சங்கிலி இருந்தால் அது மொய்க்குப் போகக்கூடாது, பத்து வட்டியை முறிக்கத்தான் போக வேண்டும். தண்டலும் இதே ரகம். பத்தாயிரம் என்று சொல்லி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்கினால், 1,500 தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

ஆகவே கொத்தனாரின் வரிசை இப்படி இருக்கலாம்: கால், பிறகு பத்து வட்டி, பிறகு குழு, கடைசியில் மொய். இப்போது நடப்பது இதற்கு நேர் தலைகீழ்.

நம்பிக்கை: காப்பீட்டு அட்டை இருக்கிறது, நோய்க்குப் பயமில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அரசு மருத்துவமனையிலும் பட்டியலில் உள்ள தனியாரிலும் செல்லும். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் பதியலாம். ஆள் ஐ.சி.யூ.வில் கிடக்கும்போது வருமானச் சான்றுக்கு அலைவதைவிட, எல்லோரும் நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் போய்விடுவது நல்லது.

அட்டை தராதது எது? பட்டியலில் இல்லாத சிகிச்சை, வெளிநோயாளிச் செலவு, மாத்திரை, பஸ் கட்டணம், கூட இருப்பவரின் சாப்பாடு. பெரிய ஓட்டை, படுத்தவர் விட்ட கூலிதான். அவருக்குத் துணையாக மனைவியும் போனால் இரண்டு கூலி. மணமேல்குடியிலிருந்தோ கோட்டைப்பட்டினத்திலிருந்தோ முள்ளூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒவ்வொரு முறையும் வந்துபோவது ஒரு முழு நாள் வேலை. கடன் பெரும்பாலும் ஆபரேஷன் மேசையில் பிறப்பதில்லை, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையிலும் மெடிக்கல் ஷாப்பிலும்தான் பிறக்கிறது.

இதில் பாதியைத் தடுக்க வழி உண்டு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், முடங்கியவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. 'அரசு மாத்திரை கேட்காது' என்று அதை ஒதுக்கிவிட்டுக் கடனில் மாத்திரை வாங்குபவர்களுக்கு என்ன சொல்வது? விழுங்காத மாத்திரைதான் கேட்காது.

நம்பிக்கை: குழு லோன் ஒரு தவணை தவறினால் ஆதார் முடங்கும், ரேஷன் நிற்கும், மகளிர் உரிமைத்தொகையைப் பிடித்துவிடுவார்கள்.

மூன்றும் பொய். வசூலுக்கு வருகிற பையன்கள் சொல்லிச் சொல்லி இது ஊர்ப் பேச்சாகிவிட்டது. உரிமைத்தொகையைக் கடனுக்கு ஈடு செய்யக்கூடாது என்று 2023-இலேயே தமிழக அரசு வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகள் இந்தக் கடன்களுக்கு எல்லை கட்டியிருக்கின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்குப் பிணையில்லாமல் தர வேண்டும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக்கூடாது, மிரட்டக்கூடாது, உறவினரிடம் சொல்லி அவமானப்படுத்தக்கூடாது. ராத்திரி எட்டு மணிக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்து 'வாங்காம போகமாட்டேன்க்கா' என்பது விதிமீறல். தேதி, நேரத்தைக் குறித்துவைத்து முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கான எண் 14448.

ஒன்று மட்டும் நிஜம். தவறிய தவணை கடன் அறிக்கையில் ஏறும். சமரசமாகக் குறைத்துக் கட்டி முடித்தால், முழுதாகக் கட்டியதாக அல்லாமல் 'செட்டில்' ஆனதாகத்தான் பதிவாகும், அடுத்த வங்கி அதைப் பார்க்கும். எதை முடித்தாலும் பாக்கியில்லை என்று எழுத்தில் வாங்காமல் நகராதீர்கள்.

நம்பிக்கை: எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டால் செல்லாது. கடன் கட்டாவிட்டால் ஜெயில்.

இரண்டும் தலைகீழாக நம்பப்படுகின்றன. வெற்று நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையே சட்டப்படி கொடுத்ததாகும். அடைத்த அன்றே நோட்டைக் கையில் வாங்குங்கள், பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்புங்கள்.

ஜெயில் விஷயம்: கையில் இல்லாமல் கட்ட முடியாதவரைச் சிறையில் அடைக்க முடியாது என்று 1980-லேயே நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதிவிட்டார். பணத்துக்கான தீர்ப்பை நிறைவேற்றப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. கொத்தனாரின் கரண்டியை, தையல்காரரின் மெஷினை, விவசாயியின் உழவு மாட்டை ஜப்தி செய்யவும் சட்டம் இடம் தருவதில்லை. இறந்தவரின் கடனுக்குப் பிள்ளைகள், அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. செக் திரும்பினால் மட்டும் கதை வேறு. அது குற்ற வழக்கு, இரண்டு வருடம் வரை போகும். ஆகவே ஈடாக செக் கொடுக்காதீர்கள்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்து 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, மூன்று வருடம் வரை சிறை. கடனை வலுக்கட்டாயமாக வசூலிப்பதற்கு எதிராக 2025-இல் இன்னொரு சட்டமும் சட்டப்பேரவையில் நிறைவேறியது. வக்கீலுக்குக் காசில்லை என்பவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம், 15100. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே கிடையாது. இரவில் தூக்கம் வராமல் தப்பான யோசனை வந்தால் 104, அல்லது 14416. இதுவும் உடம்பு சம்பந்தப்பட்டதுதான், கூச்சப்பட ஒன்றுமில்லை.

நம்பிக்கை: எலெக்‌ஷன் வரட்டும், தள்ளுபடி ஆகிவிடும்.

2021-இல் கூட்டுறவு நகைக்கடனில் ஐந்து பவுன் வரை தள்ளுபடி வந்தது. விண்ணப்பங்களைச் சலித்தபோது சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கு மேல் தகுதியில்லை என்று விழுந்தது. அதை நம்பி வட்டி கட்டாமல் விட்டவர்களுக்கு வட்டி ஏறியதுதான் மிச்சம்.

நம்பிக்கை: முன்பணம் தருகிற முதலாளி நல்லவர்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் வருகிற ஆபத்து இது. செங்கல் சூளைக்கு, ஆட்டுக் கிடைக்கு, கரும்பு வெட்டுக்கு என்று மேஸ்திரி வருவார். ஐம்பதாயிரம் கையில் கொடுப்பார். எல்லாக் கடனையும் அதில் அடைத்துவிட்டு, புதுக் கடனோடு முழுக் குடும்பமும் லாரி ஏறும். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் ஆட்டுக் கிடையில் பிள்ளைகளை விட்டுப் பிறகு மீட்ட செய்திகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

இந்த மாவட்டத்துக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. குடுமியான்மலை போன்ற இடங்களில் கல்லுடைத்த பெண்கள் ஒப்பந்தக்காரரிடம் வாங்கிய முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுத் தலைமுறையாகக் கிடந்தார்கள். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, மாவட்ட நிர்வாகம் நூற்றுக்கு மேற்பட்ட குவாரிகளை அந்தப் பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது. அறிவொளி இயக்கம் எழுத்தையும் கணக்கையும் கற்றுக்கொடுத்தது. அந்த இயக்கத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்களைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், அழகான படம் அல்லவா. குவாரிப் பெண்களைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறோம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளிவந்த தன் நூலில் அவர்களைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்.

அங்கே நடந்தது கடன் தள்ளுபடி அல்ல. அதே வெயில், அதே சுத்தியல், அதே கல். விற்ற காசு யார் கைக்குப் போகிறது என்பது மட்டும் மாறியது. ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, எதிர்ப்பும் இடைஞ்சலும் தொடர்ந்தன. கல் தூசி நுரையீரலில் படிவதையும் எந்தக் குத்தகைப் பத்திரமும் நிறுத்தவில்லை. ஆனாலும் பழைய கடனுக்குப் புதுக் கடன் வாங்கி வாழ்வதற்குப் பதில், வேலையின் வரும்படி வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

மறுபடி வேலைக்குப் போகிறவர் கேட்க வேண்டியதும் அதுதான்: கூலி யார் கைக்கு, எந்த நாளில்? கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டையைப் புதுப்பித்து வைத்திருந்தால் விபத்துக்கும், வேலை செய்ய முடியாமல் முடங்கினால் மாத ஓய்வூதியத்துக்கும் வழியுண்டு. பாதம் பலவீனமான கொத்தனார் மட்டம் பார்க்கலாம், அளவெடுத்து மதிப்பீடு போடலாம், கூலி குறைவானாலும் கால் நனையாது.

முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, கிளம்ப விடாமல் வேலை வாங்கினால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த முன்பணக் கடன் அன்றே செத்துப்போகிறது, ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. மறுவாழ்வுத் தொகையில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. விடுதலைச் சான்று தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர். நம் மாவட்டத்தில் அந்த அலுவலகம் புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் மூன்று ஊரிலும் இருக்கிறது.