திரை இருண்டால் கணக்கு அழிந்ததா?



1-7-2017 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின், நம்மில் பலர் பேரேட்டை மூடிவைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறினோம். அரசுக்குத் தாக்கல் செய்த விவரங்களை எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்து பார்க்கலாம். ஆனால் எந்தக் கடைக்காரர் நமக்கு எவ்வளவு பாக்கி, மிளகு போட்ட விவசாயிக்கு நாம் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு பெரும்பாலும் நம் கடைப் பெட்டிக்குள் மட்டுமே இருக்கிறது. ஆகவே, காலையில் ஸ்விட்சைப் போட்டும் திரை இருண்டே கிடந்தால் நெஞ்சு பதறுவது இயல்பே.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். திரை வேறு, கணக்கு வேறு. கணக்கு ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் மதர்போர்டு முதலில் நினைவகமான ராம், படம் காட்டும் பகுதி போன்றவற்றைச் சோதிக்கிறது. அதன் பிறகே ஹார்டு டிஸ்க்கைப் படிக்கப் போகிறது. தொடக்கத்திலேயே திரை வரவில்லையென்றால், பெரும்பாலும் அந்தச் சோதனையிலேயே வேலை நின்றிருக்கும். கணக்கு தன் இடத்தில் பத்திரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எங்கள் வாசலூர்பட்டியிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போனால் ஒருநாள் வியாபாரம் போயிற்று. அதற்குமுன் கடையிலேயே பார்க்கக்கூடியவை இவை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நான்கையும் ஒன்றாக அசைத்தால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது.

1. மானிட்டரில் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் அதன் மின்கம்பியையும் ப்ளக்கையும் பாருங்கள். 'நோ சிக்னல்' என்ற எழுத்து வந்தால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. பெட்டியிலிருந்து படம்தான் வரவில்லை. கேபிளை இரு முனையிலும் கழற்றி அழுத்திப் பொருத்துங்கள். வேறு கேபிள் இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

2. பெட்டியில் விசிறி சுற்றுகிறதா? சுற்றாவிட்டால் யு.பி.எஸ்., ப்ளக், கம்பி ஆகியவற்றைப் பாருங்கள். அவை சரியாக இருந்தால் எஸ்.எம்.பி.எஸ். பழுதாகியிருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. ப்ளக்கை எடுத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

3. விசிறி சுற்றுகிறது, படம் இல்லை. கீபோர்டில் நம்லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் வேலை செய்கிறது, படம் போகும் வழியில்தான் குறை. அசையாவிட்டால் ராம் மீது சந்தேகம் கொள்ளலாம். திரும்பத் திரும்ப வரும் பீப் ஒலியும் பல பெட்டிகளில் இதற்கே அறிகுறி.

4. ராமைச் சுத்தம் செய்ய, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்துங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்து, 'க்ளிக்' என்று கேட்கும்வரை பொருத்துங்கள். மலையில் மூடுபனியும் ஈரமும் அதிகம். அந்தப் பற்களில் படிவு பிடிக்கும். எங்கள் மண்டியில் மழைக்காலத்தில் இருமுறை இத்தொல்லை வந்து, இருமுறையும் இதிலேயே தீர்ந்தது.

5. மதர்போர்டில் காசு வடிவில் 3 வோல்ட் பேட்டரி இருக்கும். எண் சி.ஆர். 2032. கொஞ்ச நாளாகத் தேதி பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தால் அது தளர்ந்துவிட்டது என்று பொருள். மாற்றிவிடுங்கள். பில்லில் தவறான தேதி விழுவதும் நிற்கும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுக்கத்தான் வேண்டும். அங்கேதான் பெரிய ஆபத்து. எங்களுக்குத் தெரிந்த வியாபாரி ஒருவரின் பெட்டியைச் சரிசெய்தவர், டிஸ்க்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். திரை வந்தது, மூன்றாண்டுப் பாக்கிக் கணக்கு போயிற்று. ஆகவே 'ஹார்டு டிஸ்க்கை அழிக்கக் கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி நம்மிடம் வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுக்கலாம். அவசரமென்றால் அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் இணைத்துக் கணக்கைப் பிரதி எடுக்கவும் முடியும்.

அதுவரை வியாபாரம் நிற்க வேண்டியதில்லை. இ-இன்வாய்ஸ் கட்டாயமில்லாத வணிகர்கள், தனி வரிசை எண்ணிட்ட கைப்பில் புத்தகம் ஒன்றை எப்போதும் கல்லாவில் வைத்திருக்கலாம். சட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசையை அனுமதிக்கிறது.

ஓர் ஆண்டின் கணக்கை, அதற்குரிய ஆண்டறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர் மறுபிரதியும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தினமும் கடை அடைக்குமுன் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, அதைக் கடையில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். வாரம் ஒருமுறை பாக்கிப் பட்டியலைத் தாளிலும் அச்சடியுங்கள்.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்றார்கள் நம் பெரியவர்கள். பென் டிரைவுக்குச் செலவிடும் சில நூறு ரூபாய், நமக்கு வரவேண்டிய பல லட்சத்துக்குக் காவல்.